பால் கொட்டிய கார், போகாத வாடை: 26 மாத அனுபவம்

காருக்குள் பால் கொட்டி 26 மாதங்கள் ஆகின்றன. ஒரு லிட்டர் பாக்கெட். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கால் வைக்கும் இடத்தில் பையோடு வைத்திருந்தேன். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளியபோது அடியில் இருக்கும் இரும்புத் தடம் பாக்கெட்டின் மூலையைக் கிழித்திருக்கிறது. அன்று இரவு மற்ற பைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு அந்த ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். மறுநாள் மாலை பார்த்தபோது பாக்கெட்டில் கால்வாசிதான் மிச்சம். கால்மிதியின்மேல் ஒரு தம்ளர் அளவு பால் தேங்கியிருந்தது. அதைத் துடைத்து, கால்மிதியைக் கழுவிக் காயவைத்து, வேலை முடிந்தது என்று நினைத்தேன். மீதி அரை லிட்டர் எங்கே போனது என்று அன்றே கேட்டிருந்தால் அடுத்த நான்கு மாதங்கள் மிச்சமாகியிருக்கும்.

மூன்றாம் நாள் கதவைத் திறந்ததும் புளித்த வாடை. ஒரு வாரத்தில் அது வாந்தி வாடையாக மாறியது. இதற்குக் காரணம் உண்டு. பாலில் இருக்கும் சர்க்கரையைப் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலமாக்குகின்றன. அதுதான் முதலில் வரும் புளிப்பு. பிறகு கொழுப்பு சிதையும்போது பியூட்ரிக் அமிலம் உண்டாகிறது. கெட்டுப்போன வெண்ணெயிலும் வாந்தியிலும் மூக்கைத் துளைப்பது அதே பொருள்தான். மிகச் சிறிய அளவே மூக்குக்குப் போதும். அதனால், குழந்தை வாந்தியெடுத்த காருக்கும் நான் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் எல்லோரையும் போல நறுமணப் பொருள்கள் வாங்கினேன். கண்ணாடியில் தொங்குவது, ஏசி துவாரத்தில் செருகுவது, தெளிப்பது என்று மூன்று வகை. இவற்றால் ஆன பயன் ஒன்றுமில்லை, கெடுதல் உண்டு. எலுமிச்சை வாசனையும் புளித்த பாலும் சேர்ந்த கலவை தனியாக இருந்த பால் வாடையைவிடக் குமட்டியது. இன்றுவரை எலுமிச்சை வாசனை வந்தால் என் மகள் கார் ஜன்னலை இறக்கச் சொல்வாள்.

அடுத்து ஒரு கார் கழுவும் நிலையத்தில் உட்புறம் முழுவதும் ஷாம்பு போட்டுத் தரச் சொன்னேன். இருக்கையும் கார்பெட்டும் பளபளவென்று வந்தன. நான்கு நாள் வாடையே இல்லை. ஐந்தாம் நாள் முன்பைவிட இருமடங்காக எழுந்தது. மேலே ஊற்றிய தண்ணீர், காய்ந்துகொண்டிருந்த பாலைக் கரைத்து இன்னும் ஆழத்துக்கு இறக்கிவிட்டது. போதாக்குறைக்கு அங்கே புதிதாக ஈரத்தையும் சேர்த்தது. உறிஞ்சி எடுக்க வழியில்லாமல் காருக்குள் தண்ணீர் ஊற்றவே கூடாது என்பது அப்போது புரிந்தது. தண்ணீரையும் காற்றையும் சேர்த்தே இழுக்கும் ஈர வாக்யூம் கையில் இருந்தால் மட்டும் கழுவுங்கள்.

சமையல் சோடாவுக்கு ஒரு மாதம் கொடுத்தேன். இரவில் கார்பெட்டின்மேல் தூவி, காலையில் வாக்யூம் போட்டு எடுப்பேன். இது ஏமாற்று வேலை அல்ல. சோடா லேசான காரத்தன்மை கொண்டது. புளிப்பு வாடை தரும் அமிலத்தோடு சேர்ந்து, காற்றில் எழாத உப்பாக அதை மாற்றிவிடும். ஆனால் தூள் எட்டுகிற இடத்தில்தான் அது நடக்கும். மேலே தூவிய தூள் கார்பெட்டின் அடியைத் தொடுவதே இல்லை. சிலர் சோடாவைத் தூவி அதன்மேலேயே வினிகரை ஊற்றச் சொல்கிறார்கள். நுரை பொங்குவதைப் பார்த்தால் ஏதோ பலமாக வேலை நடப்பதுபோல் தெரியும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்வதுதான் அந்த நுரை. எஞ்சுவது கொஞ்சம் உப்பும் நிறையத் தண்ணீரும். மீன் கவிச்சி போன்ற காரத்தன்மையுள்ள வாடைக்கு நீர்த்த வினிகர் நல்லது. பாலுக்கு அது பொருத்தமில்லை.

கரிப் பைகளும் வாங்கினேன். செயலூட்டிய கரியின் ஒரு கிராமில் இருக்கும் நுண்துளைப் பரப்பை விரித்தால் 500 சதுர மீட்டரைத் தாண்டும். வாடை மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். உண்மையான பொருள், உண்மையான வேலை. ஆனால் ஊற்று அடைபடாமல் ஓடும்போது பக்கத்தில் ஒரு பஞ்சை வைத்து என்ன பயன்? சுத்தம் செய்து முடித்த பிறகு எஞ்சும் மெல்லிய வாடைக்கு இப்போது இருக்கைகளின் அடியில் இரண்டு பைகள் வைத்திருக்கிறேன். அங்கே அவை நன்றாகவே உழைக்கின்றன.

வாடையைப் போக்க ஓசோன் வாயுவை வெளியிடும் கருவியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன். இதைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியாது. ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும் வாயு. கருவி ஓடும்போது மனிதரோ நாயோ பூனையோ செடியோ உள்ளே இருக்கக் கூடாது. முடிந்த பிறகு எல்லாக் கதவுகளையும் திறந்து நன்றாகக் காற்றோட வேண்டும். திரும்பத் திரும்பப் போட்டால் ரப்பர் பாகங்களில் வெடிப்பு விழும். என் காரில் வாடை மூன்று நாள் மறைந்து திரும்பி வந்தது. அந்த வாயுவும் மேற்பரப்பில் இருப்பதோடுதான் வினைபுரிந்திருக்கிறது. நான் இனி அதைத் தொடமாட்டேன்.

இந்த நான்கு மாதத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. வாடை குறைந்ததா இல்லையா என்றே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. மூக்கு சில நிமிடங்களில் எதற்கும் பழகிவிடும். காருக்குள் உட்கார்ந்துகொண்டு முகர்ந்து பார்த்து முடிவெடுப்பது வீண். பிறகு ஒரு முறையைப் பிடித்துக்கொண்டேன். காரை வெயிலில் கண்ணாடி ஏற்றி இரண்டு மணி நேரம் நிறுத்துவது. சூட்டில் வாடை முழுதாகக் கிளம்பும். பிறகு அன்று காரில் ஏறாத ஒருவரைக் கதவைத் திறக்கச் சொல்வது. எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு மகளுக்கு. ஒவ்வொரு முறையும் அவள் சொன்னது ஒன்றே: “அப்பா, அதே வாடைதான். சீட்டில் இல்லை, கீழே இருந்து வருகிறது.”

எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். அவர் இருக்கையைத் தொடக்கூட இல்லை. குனிந்து கார்பெட்டின் ஓரத்தை இரண்டு விரலால் நெம்பி, அடியில் விரலை விட்டு எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். விரல் ஈரமாக இருந்தது. “மேலே என்ன தேய்த்தாலும் போகாது சார். ஈரம் அடியில் உட்கார்ந்திருக்கிறது” என்றார்.

அடுத்த சனிக்கிழமை அவர் துணையோடு இருக்கையைக் கழற்றினோம். இதைத் தனியாகச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று: இருக்கையின் அடியில் ஏர்பேக், சீட் பெல்ட் ஆகியவற்றின் மின் இணைப்புகள் இருக்கும். பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, வாகனக் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே அவற்றைத் தொட வேண்டும். இருக்கை வெளியே இருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது. ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்துவிடும். திரும்பப் பூட்டும்போது போல்ட்டுகளைக் கையேடு சொல்லும் அளவுக்கு முறுக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இந்தப் பகுதியை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

கதவோரப் பிளாஸ்டிக் பட்டையை எடுத்ததும் கார்பெட் தூக்க வந்தது. நாம் காலை வைக்கிற கார்பெட் ஒரு மெல்லிய தோல் மாதிரிதான். அதன் அடியில் சத்தத்தையும் சூட்டையும் தடுக்க, நைந்த துணிகளை அழுத்திச் செய்த தடித்த மெத்தை ஒன்று இருக்கிறது. என் காரில் இரண்டு விரல் கனம். மேல்பக்கம் தொட்டால் உலர்ந்திருந்தது. புரட்டினால் அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில் சொதசொதவென்று இருந்தது. இரும்புத் தரையில் இருந்த ஒரு சிறு பள்ளத்தில் வெளிர் மஞ்சளாக, ஏடு பிடித்தாற்போல, விரல் நகத்தால் சுரண்டினால் சுருண்டு வருகிற ஒரு படலம். பால் நான்கு மாதமாக அங்கேதான் இருந்திருக்கிறது. கொட்டிய இடத்திலிருந்து அது இரண்டு சாண் தள்ளி, தரை தாழ்ந்திருக்கும் இடம். நான் சோடா தூவியது வேறு இடம், ஷாம்பு தேய்த்தது வேறு இடம்.

தரையைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரால் துடைத்து உலர்த்தினோம். மெத்தையில் மிக மோசமாக ஊறியிருந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, அதே கனத்தில் புதிய துண்டு வைத்தோம். மீதிக்கும் கார்பெட்டுக்கும் என்சைம் கிளீனர். எனக்குப் பலன் கொடுத்த ஒரே திரவம் இதுதான். இதில் இருக்கும் நொதிகள் புரதத்தையும் கொழுப்பையும் துண்டுதுண்டாக உடைக்கின்றன; பிறகு தண்ணீரோடு எடுத்துவிடலாம். இதைத் தெளித்த உடனே துடைத்தால் காசு வீண். நொதிக்கு நேரமும் ஈரமும் வேண்டும். கறை எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் திரவமும் இறங்க வேண்டும். நான் நனையும்வரை ஊற்றி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடி, ஓர் இரவு விட்டேன். அதற்கு முன் பிளீச்சோ கொதிநீரோ பட்டிருந்தால் நொதி செத்துவிடும். நீராவியும் வேண்டாம், சூடு பட்டால் பாலின் புரதம் இறுகி இழைகளில் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

காலையில் வெதுவெதுப்பான நீரால் அலசி, ஈர வாக்யூமால் இழுத்தோம். முதல் முறை வந்த தண்ணீர் கழுநீர் போல் கலங்கியிருந்தது. மூன்றாம் முறை தெளிந்தது. பிறகு கார்பெட்டின் அடியில் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, ஒரு டேபிள் ஃபேனை இரண்டு நாள் ஓடவிட்டேன். மொத்த வேலையில் மிக முக்கியமான பகுதி இந்த உலர்த்தல்தான். நனைந்த துணியும் பஞ்சும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். பால் வாடையைப் போக்கிவிட்டு மக்கிய வாடையை உள்ளே அழைத்த கதையாகிவிடும்.

அடுத்த ஞாயிறு வெயில் சோதனை. மகள் கதவைத் திறந்தாள், தலையை உள்ளே விட்டாள், கீழேயும் குனிந்து முகர்ந்தாள். “சோப்பு வாடைதான் வருகிறது” என்றாள்.

அதோடு முடிந்துவிடவில்லை. இரண்டு மாதம் கழித்து வேறொரு வாடை. ஏசி போட்டதும் முதல் அரை நிமிடம் ஈர சாக்ஸ் வீச்சம், பிறகு மறைந்துவிடும். எப்போது வருகிறது என்பதே இங்கே துப்பு. டேஷ்போர்டுக்குள் இருக்கும் குளிரூட்டும் சுருள் ஓடும்போது நனைகிறது. வண்டியை நிறுத்தியதும் இருட்டில் அப்படியே ஈரமாகக் கிடக்கிறது. தூசியும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருந்த, உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை உருவினேன். மடிப்புகளுக்குள் காய்ந்த இலைகளும், ஒட்டடை போன்ற சாம்பல் தூசியும், ஒரு பூச்சியின் இறக்கையும் இருந்தன. புதியதை மாற்றும்போது அதன் ஓரத்தில் இருக்கும் காற்றுத் திசை அம்புக்குறியைப் பார்த்துப் பொருத்துங்கள். சுருளுக்கு மெக்கானிக் நுரைக் கிளீனர் அடித்தார். தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பார்த்தார். ஏசி ஓடும்போது காரின் அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும்; சொட்டவில்லை என்றால் அது உங்கள் கார்பெட்டுக்குள் போய்க்கொண்டிருக்கலாம்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். போய்ச் சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏசி பொத்தானை அணைத்துவிட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, ஃபேனை மட்டும் ஓடவிடுகிறேன். சுருள் உலர்ந்துவிடுகிறது. ஏறக்குறைய 20 மாதங்களாக அந்த வீச்சம் திரும்பவில்லை. காசே செலவில்லாத வைத்தியம் இது.

போன மழைக்காலத்தில் மூன்றாவதும் வந்தது. முன் பயணி இருக்கைப் பக்கம் பழைய கோணிப்பை மாதிரி மக்கிய வாடை. இந்த முறை நான் எதையும் தெளிக்கவில்லை. கார்பெட்டின் அடியில் காய்ந்த செய்தித்தாளை நான்கு இடங்களில் செருகி ஓர் இரவு விட்டேன். காலையில் முன்பக்கம் செருகிய தாள் மட்டும் ஊறியிருந்தது. முன் கண்ணாடியின் கீழே, வைப்பர் பக்கத்தில் மழைநீர் வடியும் பாதை சருகுகளால் அடைத்துக்கொண்டு, தண்ணீர் உள்ளே வழிந்திருக்கிறது. சருகை அள்ளியதோடு கசிவு நின்றது. மேற்கூரைக் கண்ணாடி உள்ள கார்களில் அதன் வடிகுழாய்களையும் பார்க்க வேண்டும்.

சிகரெட் வாடைக்கு என் கார் உதாரணமாகாது. நண்பர் வாங்கிய பழைய காரில் கூட இருந்து பார்த்திருக்கிறேன். அங்கே புகைப்பிசின் கண்ணாடி, கூரைத் துணி, பெல்ட் என்று எல்லா இடத்திலும் படிந்திருந்தது. கூரைத் துணியை மட்டும் நனைத்துவிடாதீர்கள், பசை விட்டுத் தொங்கிவிடும். ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், அதுவும் பல நாள்.

இன்னும் சில வாடைகளைச் சுத்தம் செய்து போக்க நினைக்கவே கூடாது. பெட்ரோல், கருகிய பிளாஸ்டிக், அழுகிய முட்டை ஆகியவை வந்தால் வண்டியை நேரே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இனிப்பான வாடையோடு முன் கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பான படலம் படிந்தால் ஹீட்டரில் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது என்று பொருள், அது நச்சு.

இப்போதைய நிலை: கார் சுத்தமாக இருக்கிறது. போன வாரம் மழை பெய்த மறுநாள் மட்டும் மகள் மீண்டும் மூக்கைச் சுளித்தாள். நான் மறுபடியும் கார்பெட்டைத் தூக்கப் போனேன். அவள் தடுத்து, தன் பக்கத்துப் பின் இருக்கை பெல்ட்டை முழுவதும் இழுத்துக் காட்டினாள். நடுவே ஒரு சாணில் லேசான மஞ்சள் கறை. பால் சிந்திய அன்று பெல்ட் தளர்ந்து தரையில் கிடந்திருக்க வேண்டும். மிதமான சோப்பால் தேய்த்து, உள்ளே சுருண்டுபோகாமல் கிளிப் போட்டு நிறுத்தியிருக்கிறேன். நாளை மாலைவரை காயட்டும்.