காகிதப்பையா, துணிப்பையா?

பிளாஸ்டிக் பையை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்ததும் அடுத்து வரும் கேள்வி இதுதான். இரண்டுமே மட்கும். சரி, அப்படியென்றால் எதை எடுத்தாலும் ஒன்றுதானா? இல்லை.

காகிதப்பை மரக்கூழிலிருந்து வருகிறது. கூழாக்க நிறைய தண்ணீரும் மின்சாரமும் வேண்டும். மறுசுழற்சிக்குப் போடலாம் என்பது நல்ல விஷயம். ஆனால் நனைந்தால் கிழிந்துவிடும்.

துணிப்பையின் கதை வேறு. பருத்தி விளைவிக்கத் தண்ணீரும் பூச்சிமருந்தும் ஏராளமாகச் செலவாகின்றன. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு கணக்குச் சொன்னது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலுக்குக் குறைவாகக் காரணமாக வேண்டுமானால், காகிதப்பையை 3 முறையும் பருத்திப் பையை 131 முறையும் பயன்படுத்த வேண்டும். படித்ததும் அதிர்ந்துபோனேன்.

அப்புறம் யோசித்தால், வாரம் இருமுறை எடுத்துப்போனால் 131 என்பது ஏறக்குறைய ஒன்றேகால் வருடம்தான். அழுத்தமாகத் தைத்த பை அதையும் தாண்டி உழைக்கும். காகிதப்பை மூன்றாவது தடவை தாங்குவதே சந்தேகம்.

அதனால் என் தேர்வு துணிப்பை, ஒரு நிபந்தனையோடு: இலவசமாகக் கிடைக்கிறதே என்று வாங்கிக் குவிக்கக் கூடாது. அலமாரியில் தூங்கும் பத்துப் பைகளால் யாருக்கும் பயனில்லை. பழைய சட்டை, போர்வையிலிருந்து தைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, அதற்கென்று புதிதாகப் பருத்தி விளைய வேண்டியதில்லை. வீட்டுக்கு இரண்டு மூன்று போதும். ஒன்றை மடித்து, வெளியே கிளம்பும்போது எடுத்துப்போகும் பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.