செவ்வரத்தை வாழ்த்து மட்டை: கறுப்புக் கோடா, கரையும் மையா, கோடே இல்லாமலா?

கையால் பூ வாழ்த்து மட்டை செய்யப் போகிறவர்கள் முதலில் தேடுவது அழகான இறப்பர் அச்சு, அடுத்தது நல்ல நீர்வர்ணப் பெட்டி. மையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஆனால் மட்டை எப்படி வரும் என்பதைத் தீர்மானிப்பது மைதான். தண்ணீர் பட்டால் அது அசையுமா, அசையாதா? இந்த ஒரு கேள்விக்கான பதிலைப் பொறுத்தே கடதாசி, தூரிகை, செலவாகும் நேரம் எல்லாம் மாறும்.

ஒப்பிடுவதற்கு ஒரே பூவை எடுத்துக்கொள்வோம். செவ்வரத்தையை விட வசதியான பூ யாழ்ப்பாணத்தில் இல்லை. வேலியோரத்தில் பறித்து மேசையில் வைத்துப் பார்த்தே வரையலாம். ஒற்றை இதழ்ப் பூ என்றால் ஐந்து இதழ்கள், ஒன்றின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறியிருக்கும். தொண்டைப் பக்கம் நிறம் கறுத்திருக்கும். நடுவில் நீண்ட தண்டு, அதன் நுனியில் ஐந்து குட்டிப் பொட்டுகள். அடுக்குச் செவ்வரத்தையை முதல் முயற்சிக்கு எடுக்காதீர்கள். அதன் இதழ்களைப் பிரித்துக் காட்டுவதற்குள் பொறுமை போய்விடும்.

கறுப்புக் கோடு முதலில்

பெரும்பாலானோர் செய்வது இதுதான். தண்ணீரில் கரையாத கறுப்பு மையில் அச்சைப் பதித்து, காயவிட்டு, உள்ளே நிறம் தீட்டுவது. இதில் வரும் முதல் ஏமாற்றம் மைப்பெட்டியால் வருகிறது. புத்தகக் கடையில் கிடைக்கும் அலுவலக மைப்பெட்டி, அதுதான் ஊதா நிறத்தில் சீல் குத்துவார்களே அது, இந்த வேலைக்கு உதவாது. அது பெரும்பாலும் சாய மை. பெட்டிக்குள் காய்ந்துவிடாமல் இருக்கக் கிளிசரின் போன்ற ஏதாவது கலந்திருக்கும். ஈரத் தூரிகை பட்டதும் கோடு கிளம்பி இதழ் முழுவதும் ஓடிவிடும்.

தேவைப்படுவது நிறமி மை (நிறம் கரையாத நுண்துகளாக இருப்பது) அல்லது கரைப்பான் மை (தண்ணீருக்குப் பதிலாக வேறு கரைப்பானில் செய்தது). கடையில் கிடைக்கும் பெயர்களில் வெர்சாஃபைன் முதல் வகை, ஸ்டேஸ்ஆன் இரண்டாவது வகை. ரேஞ்சர் நிறுவனத்தின் ஆர்க்கைவல் மையும் காய்ந்த பிறகு தண்ணீருக்கு அசையாது. மெல்லிய கோடுகள் உள்ள அச்சுக்கு நான் முதல் வகையைத்தான் எடுப்பேன். கோடு கூர்மையாக விழும். ஆனால் நிறமி மை கடதாசிக்கு மேலே தங்கிக் காய்வது. கோடையில் தொந்தரவு இல்லை. மாரியில், துவைத்த துணியே காயாத நாட்களில், காய்ந்துவிட்டது என்று நம்பித் தூரிகையை வைத்தால் கறுப்பு கிளம்பும். பின்பக்கமாக, மெல்லிய துணி ஒன்றைப் போட்டு, இளஞ்சூட்டில் ஸ்திரிக்கைப் பெட்டியை ஒருமுறை இழுத்தால் போதும். பிறகு ஓரத்தில் விரலால் தேய்த்துப் பாருங்கள்.

இதிலேயே இன்னொரு வகை, மை ஈரமாக இருக்கும்போது உருகும் தூளைத் தூவிச் சூடு காட்டுவது. கோடு புடைத்து நிற்கும். வயலில் வரம்பு தண்ணீரை மறிப்பதுபோல அந்தக் கோடு வர்ணத்தை இதழுக்குள்ளேயே மறித்து வைக்கும். கை நடுங்குகிறவர்களுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் நல்ல உதவி. ஆனால் ஹெயார் டிரையரால் இது நடக்காது. அதன் சூடு போதாது, காற்று வேறு தூளைப் பறக்கடிக்கும். அதற்கென்று உள்ள சூட்டுத் துப்பாக்கி இல்லாவிட்டால், சூடான தோசைக்கல்லுக்குச் சற்று மேலே மட்டையைப் பிடித்துக் கீழிருந்து சூடு காட்டலாம். அதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்.

கறுப்புக் கோட்டின் பலம் வேகம். ஒரே இருப்பில் இருபது மட்டை செய்யலாம். வீட்டில் நாலு பேர் உட்கார்ந்தால் ஒருவர் பதிக்க, ஒருவர் இதழ் தீட்ட, இன்னொருவர் இலை தீட்டலாம். உலகின் முதல் வணிக நத்தார் மட்டையாகச் சொல்லப்படுவதும் இப்படித்தான் பிறந்தது. 1843இல் இலண்டனில் ஹென்றி கோல் என்பவர், ஜோன் கால்கொட் ஹோர்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு வரைவித்தது அது. கோட்டை அச்சடித்து, நிறத்தைக் கையால் தீட்டினார்கள்.

பலவீனம், எல்லாமே பாலர் வகுப்பு நிறந்தீட்டும் புத்தகம்போல ஆகிவிடுவது. ஒவ்வொரு கட்டத்தையும் விளிம்புவரை நிரப்பும் பழக்கம்தான் காரணம். இதழின் ஒரு பக்கத்தை வெள்ளையாகவே விடுங்கள். நிறம் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் வழியட்டும். அந்த விறைப்பு உடனே தளரும்.

கோடே நிறமாகும்போது

இரண்டாவது வழி முதலாவதற்கு நேர் எதிர். அங்கே நாம் விலக்கிய கரையும் குணம்தான் இங்கே முதலீடு. தண்ணீரில் கரையும் சிவப்பு மையில் பூவைப் பதித்து, ஈரத் தூரிகையால் கோட்டைத் தொட்டு, அங்கிருந்து நிறத்தை உள்ளே இழுக்க வேண்டும். விளிம்பில் அடர்ந்தும் நடுவில் வெளிறியும் வரும். வர்ணப் பெட்டியே தேவையில்லை. டிஸ்ட்ரெஸ் வகை மைகள் இதற்கென்றே தண்ணீரோடு குழையும்படி செய்யப்பட்டவை. மேலே திட்டிய அந்த ஊதா மைப்பெட்டிக்கும் இங்கே வேலை உண்டு. செவ்வரத்தைக்குப் பொருந்தாது, சங்குப்பூவுக்குப் பொருந்தும். ஒரு குறை, சாய மை வெளிச்சத்தில் வெளிறும். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறவர்களுக்கு அனுப்புவதென்றால் யோசியுங்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது, மையே இல்லாமல் நீர்வர்ணத்தை அச்சின் மேலேயே தூரிகையால் பூசிப் பதிப்பது. இதழ் நுனிக்கு மஞ்சள் கலந்த சிவப்பு, தொண்டைக்குக் கருஞ்சிவப்பு, காம்புக்குப் பச்சை என்று ஒரே அச்சில் மூன்று நிறம் வைக்கலாம். வர்ணம் காயத் தொடங்கினால் அச்சின் மேல் வாயால் ஒருமுறை ஊதி ஈரமாக்கி அழுத்தினால் சரி. தெளிவான பிளாஸ்ரிக் அச்சுகளில் வர்ணம் முத்து முத்தாக உருண்டு நிற்கும். வர்ணத்தில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி கலந்தால் ஒட்டும். சிவப்பு இறப்பர் அச்சுக்கு அந்தச் சிரமம் குறைவு.

இரண்டு மட்டை ஒன்றுபோல வராது. அதை அழகென்று எடுப்பவருக்கு அழகு. ஆனால் கல்யாண அழைப்போடு வைத்து நூறு பேருக்குக் கொடுக்க வேண்டியவருக்கு இது தலையிடி. காற்றையும் கவனிக்க வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் திறந்த விறாந்தையில் இருந்து செய்தால், நிறத்தை இழுப்பதற்குள் கோடு காய்ந்து நின்றுவிடும். மின்விசிறியையும் நிறுத்திவிட்டு உள்ளறையில் இருந்து செய்யுங்கள், வியர்க்கும்தான்.

கோடு மறையும் வழி

மூன்றாவது, பார்ப்பவர் அச்சுக் குத்தியதென்றே கண்டுபிடிக்க முடியாத வழி. மிக வெளிறிய மையில், அதுவும் முதலில் பழைய கடதாசியில் ஒருமுறை குத்திவிட்டு மிஞ்சிய மையில் இரண்டாவதாகப் பதிக்க வேண்டும். நிழல்போல ஒரு தடம் விழும். அதன் மேல் இதழ் இதழாகத் தண்ணீர் தடவி, நிறத்தை ஓரத்தில் விட்டு, பரவவிட்டுத் தீட்டினால் தடம் நிறத்துக்குள் அமிழ்ந்துவிடும். அடுத்தடுத்த இதழை உடனே தொடக்கூடாது. ஒன்றைவிட்டு ஒன்று தீட்டிக் காயவைக்க வேண்டும்.

மூன்றிலும் இதுதான் அழகு, சந்தேகமில்லை. மூன்றிலும் மெதுவானதும் இதுதான். அம்மாவுக்கோ, படிப்பித்த ரீச்சருக்கோ ஒரே ஒரு மட்டை என்றால் செய்யுங்கள். இவ்வளவு தூரிகைப் பழக்கம் இருந்தால் பென்சிலால் வரைந்துவிடலாமே, அச்சு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அளவு பிசகாமல் ஐந்து இதழும் சரியாக விழும் என்ற நிம்மதிதான் அச்சு தருவது.

சிவப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் இருக்கும் சிவப்பை அப்படியே பூசினால் செவ்வரத்தை செங்கல் நிறமாகிவிடும். முதலில் மெல்லிய மஞ்சள், அது காய்ந்ததும் மேலே ரோசா நிறம் பூசுங்கள், அப்போதுதான் பூவுக்கு வெயில் பட்ட சிவப்பு வரும். குழாயின் முதுகில் பிவி19 என்ற குறி உள்ள ரோசா வெளிச்சத்தைத் தாங்கும். பிஆர்83 என்ற பழைய அலிசரின் சிவப்பும், கண்ணைப் பறிக்கும் ஒளிரும் ரோசாக்களும் நாளாக வெளிறிவிடும்.

அச்சு: வாங்குவதா, வெட்டுவதா, கறிச்சட்டியிலிருந்து எடுப்பதா?

வெளிநாட்டு அச்சுகள் நேர்த்தியானவை. ஆனால் அவற்றில் ரோசாவும் டெய்சியும் நிறைய, செவ்வரத்தை அபூர்வம், எக்சோறாவும் நந்தியாவட்டையும் கண்ணிலேயே படாது. நீங்கள் கறுப்புப் பேனாவால் வரைந்த பூவை இறப்பர் சீல் செய்கிற கடையில் கொடுத்தால், பெயர் சீல் செய்வதுபோலவே அதையும் செய்யலாம். கோடுகளை நெருக்கமாக வரையாதீர்கள், மை அடைத்துக்கொள்ளும். சொந்தப் பூ வேண்டும் என்பவருக்கு இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

அழிறப்பரில் வெட்டுவது இன்னும் மலிவு. கோட்டுப் படம் வெட்டுவது சிரமம், முழு இதழ் வடிவம் வெட்டுவது சுலபம். ஒரே ஒரு இதழை வெட்டி, அதையே ஐந்து தரம் சுற்றிவரக் குத்தினால் பூ வந்துவிடும்.

அடுத்தது வெண்டிக்காய். குறுக்கே வெட்டிக் குத்தினால் பெரும்பாலும் ஐந்து அறைகளோடு ஒரு குட்டிப் பூ விழும். வெண்டியும் செவ்வரத்தையும் ஒரே தாவரக் குடும்பம் என்பதால் இந்த ஐந்துக்கு ஐந்து பொருத்தம் தற்செயலானதல்ல. ஆனால் அதன் வழுவழுப்பு வர்ணத்தோடு கலந்து தடத்தைக் குழப்பும். வெட்டிய பக்கத்தைத் துணியில் கவிழ்த்து வைத்து, ஈரம் இழுத்த பிறகு பயன்படுத்துங்கள். கரையோரம் நிரையாகக் குத்த நன்றாக இருக்கும், நடுப்பூவுக்குப் போதாது.

கடதாசியும் தபாலும்

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் பிறிஸ்டல் போட் கறுப்புக் கோட்டு வழிக்கு மட்டும் தாங்கும், அதுவும் தண்ணீரைக் குறைத்துத் தீட்டினால். மற்ற இரண்டுக்கும் அது சரிவராது. நார் கிளம்பும், மட்டை வளையும். சதுர மீற்றருக்கு 300 கிராம் நீர்வர்ணக் கடதாசி வேண்டும், அதிலும் வழவழப்பான வகை. சொரசொரப்பானதில் அச்சு விட்டு விட்டுப் பதியும். அதுதான் கையில் இருக்கிறதென்றால், அடியில் மவுஸ் பாட் ஒன்றை வைத்து அழுத்துங்கள். கடதாசியைப் பொலித்தீன் பைக்குள் இறுக்கி வையுங்கள். மாரி ஈரம் குடித்த கடதாசி வர்ணத்தை ஒற்றுத்தாள்போல உறிஞ்சும்.

தண்ணீரும் ஒரு விஷயம். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் ஊறியவை. கேத்தலுக்குள் படியும் வெள்ளைப் படையைப் பார்த்தவருக்குச் சொல்லத் தேவையில்லை. மெல்லிய நிறங்களுக்குப் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் நல்லது. கறுப்புக் கோட்டு மட்டைக்கு இவ்வளவு கவனம் தேவையில்லை.

ரொறன்ரோவுக்கோ இலண்டனுக்கோ போகும் மட்டையென்றால் பாரத்தையும் பார்க்க வேண்டும். 300 கிராம் கடதாசியில் ஏ5 துண்டை மடித்தால் ஏ6 மட்டை, பாரம் ஏறக்குறைய 9.3 கிராம். ஏ4 துண்டை மடித்த பெரிய மட்டை 18.7 கிராம், உறையே இல்லாமல். சிறியதே போதும். 114க்கு 162 மில்லிமீற்றர் உள்ள சி6 உறைக்குள் அளவாக அடங்கும். மடிக்கும் இடத்தில் எழுதித் தீர்ந்த போல்பொயின்ற் பேனாவால் அடிமட்டம் வைத்து ஒரு கீறு கீறிவிட்டு மடித்தால் வெடிக்காது.

நீர்வர்ணத்தைப் பிடித்து வைத்திருப்பது கருவேல இனத்துக் கோந்து. தடிப்பாகப் பூசிய இடம் ஈரச்சூட்டில் மறுபடி பிசுபிசுக்கும். அச்சின் மேலேயே வர்ணம் பூசிப் பதித்த மட்டைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். உறைக்குள் வைக்கும்போது பூவின் மேல் எண்ணெய்த்தாள் ஒரு துண்டு போட்டுவிடுங்கள்.