வார்டா, கிராமமா: செவிலியர் மனசுக்கு எது பாரம்?

வேலூரில் செவிலியர் படிப்பு முடித்தவர்கள் பெரும்பாலும் வார்டு வேலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நைட் டியூட்டி கஷ்டம்தான், ஆனால் ஷிஃப்ட் முடிந்தால் கிளம்பிவிடலாம். கோபத்தில் கத்தும் உறவினரிடம் முகம் சுளிக்காமல் பேசுவதே அங்கே பெரிய பாரம்.

கணியம்பாடி, அணைக்கட்டு பக்கம் கிராமங்களுக்குப் போகும் செவிலியருக்குக் கதை வேறு. சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு சுமார் 5,000 பேர், மலைப்பகுதியில் 3,000 என்பது கணக்கு. கர்ப்பத்தைப் பதிவு செய்த பெண்ணின் குழந்தைக்கே அப்புறம் தடுப்பூசி. அதே வீட்டுப் பாட்டிக்கு பிரஷர், சர்க்கரை. "சிஸ்டர், உள்ள வாங்க" என்று கூப்பிடும் வீட்டில் ஒரு சாவு விழுந்தால், மறுவாரமும் அதே வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வேலைக்காக உணர்ச்சியை அடக்குவதையும் வரவழைப்பதையும் உணர்வுழைப்பு என்கிறார்கள். சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983இல் விரிவாக எழுதியது. வெறும் முகத்தில் காட்டும் அக்கறைதான் ஆளை அதிகம் சோர்வாக்குகிறது, மனதார வரும் அக்கறை அவ்வளவு இல்லை என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன.

கிராமத்தில் பழகிய குடும்பங்களிடம் அக்கறை மனதார வர வாய்ப்பு அதிகம். அதனால்தான் நிறைவு அங்கே அதிகம் என்று நம்புகிறேன். ஆனால் பதிவேடும் இலக்கும் நேரத்தைத் தின்றுவிட்டால், உட்கார்ந்து பேசவே முடியாது. சேரும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.