கிரிவலப் பாதையா, செஞ்சியா? ஞாயிறு நீள ஓட்டத்துக்கு ஓர் அலசல்

புதுச்சேரியில் இருந்துகொண்டு ஓடுபவர்களுக்குக் கடற்கரைச் சாலை ஒரு வரம். ஆனால் தூரம் கூடக் கூட, அதே சாலையில் குட்டி போட்ட பூனைபோல முன்னும் பின்னும் அலைய வேண்டியிருக்கும். காடும் வேண்டும், கண்ணுக்குப் பழங்காலத்துக் கல்லும் வேண்டும் என்று ஊருக்கு வெளியே தேடுகிறவர்கள் கடைசியில் மூன்று பெயர்களில் வந்து நிற்பார்கள்: ஆரோவில், திருவண்ணாமலை, செஞ்சி. மூன்றிலும் ஓடிப் பார்த்துவிட்டு நான் செஞ்சியைப் பிடித்துக்கொண்டேன். எனவே இது நடுநிலையான தீர்ப்பு அன்று; கட்சி கட்டி எழுதுவதுதான்.

ஆரோவிலை முதலில் முடித்துவிடலாம். பக்கத்தில் இருக்கிறது, கட்டுச்சோறு கட்டவேண்டிய பயணம் இல்லை. 1968இல் வெறும் செம்மண் மேடாகக் கிடந்த நிலம் இன்று காடாக நிற்கிறது. மூன்று இடங்களில் காலுக்கு மிக இதமான தரை இதுதான். முழங்கால் முணுமுணுக்கும் வயதில் இருப்பவர்களுக்கு மண்பாதையின் அருமை தெரியும். பிப்ரவரியில் நடக்கும் மாரத்தானுக்கு வெளியூர்க்காரர்கள் கிளம்பி வருவது சும்மா அல்ல. ஓட்டம் மட்டுமே போதும் என்றால் இந்த அலசலே தேவையில்லை. குறை என்று சொன்னால் இரண்டு. மழை பெய்த மறுநாள் செம்மண் காலணியில் அப்பிக்கொண்டு ஆளுக்கு அரைக் கிலோ கூட்டிவிடும். இன்னொன்று, வழிநெடுக மரம் மட்டும்தான். நட்டு வளர்த்த காட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு என்று வாதாடலாம்; எனக்குக் கல் வேண்டும்.

ஆக உண்மையான போட்டி கிரிவலப் பாதைக்கும் செஞ்சிக்கும்தான். இரண்டுக்கும் ஒரே சாலை. திண்டிவனம் தாண்டினால் முதலில் செஞ்சி, அங்கிருந்து இன்னும் சுமார் 37 கிலோமீட்டர் போனால் திருவண்ணாமலை. தங்கும் விடுதி, சாப்பாடு, தண்ணீர், கழிப்பிடம் எல்லாவற்றிலும் திருவண்ணாமலைக்கே வெற்றி. அதைப்பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. நாய்த் தொல்லை இரண்டு இடத்திலும் உண்டு.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அளந்து வைத்ததுபோல ஒரு சுற்று, தொடங்கிய இடத்திலேயே முடியும், வழி தவறவே முடியாது. இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்களும் எல்லைக்கல்லாக நிற்கும். கடிகாரம் பார்க்காமலே எவ்வளவு தூரம் வந்தோம் என்று சொல்லிவிடலாம். மலைப்பக்கம் காடு. வனத்துறையின் வேலிக்கு அப்பால் அதிகாலையில் மான் தென்படுவதுண்டு. மலையடிவாரத்தை ஒட்டிய உள்பாதையில் முன்பு நடந்தவர்கள் அதன் பெருமையைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அது இப்போது மூடிக் கிடக்கிறது, நமக்குக் கிடைப்பது தார்ச்சாலையும் ஓரத்து நடைபாதையும்தான்.

இந்தச் சுற்றுக்கு இன்னொரு பலம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. கோயில் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. அங்கிருந்து வலமாகப் புறப்பட்டால் தெற்கு, பிறகு மேற்கு. விடியுமுன் கிளம்பியவர் மேற்குப் பக்கம் போய்ச் சேரும்போது சூரியன் எழுந்திருக்கும், ஆனால் மலை குறுக்கே நிற்கும். அடிஅண்ணாமலைப் பக்கம் வெயில் தாமதமாகத்தான் வரும். கோடையில் இது பெரிய விஷயம்.

இவ்வளவு இருந்தும் ஏன் மனம் ஒட்டவில்லை? அது நடப்பதற்கென்று ஏற்பட்ட பாதை. நிறைமாதக் கர்ப்பிணியான அரசி எப்படி அடிமேல் அடி வைத்து நடப்பாளோ அப்படி வலம் வரவேண்டும் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. வெறுங்காலோடு, நாமம் சொல்லிக்கொண்டு, சாலையின் இடதுபக்கமாக நடக்கிறார்கள். வலதுபக்கம், அதாவது மலையை ஒட்டிய பக்கம், சித்தர்களுக்கும் தேவர்களுக்கும் விட்ட வழி என்பது நம்பிக்கை. நடப்பவர்களை முந்துவதானால் நாம் ஓடவேண்டியது அந்தப் பக்கம்தான்! யாரும் தடுக்கப்போவதில்லை, இருந்தாலும் சித்தர்கள் வழியில் காலணி தடதடக்க, வியர்வை சொட்டச் சொட்ட ஓடும்போது எனக்கு உறுத்துகிறது. பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஓட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தொடக்கத்தில் செங்கம் சாலையில் பஸ்ஸும் லாரியும் வேறு.

ஆனால் எனக்கு முடிவைத் தந்தது இவை எதுவும் அல்ல. காலை ஒன்பது மணி.

விளக்குகிறேன். நம் ஊர் வெயிலில் நீள ஓட்டம் என்பது எட்டு மணிக்குள் முடிந்தாக வேண்டிய காரியம். மார்கழி, தை மாதங்களில் எட்டரை வரை இழுக்கலாம். வரலாற்றுச் சின்னங்களோ, பல, ஒன்பது மணி வாக்கில்தான் கதவைத் திறக்கின்றன. ஓடுபவரின் நாள் முடியும்போது காவலரின் நாள் தொடங்குகிறது. "வரலாறும் இயற்கையும் கலந்த பாதை" என்று யாராவது ஆசை காட்டினால் நான் கேட்கும் முதல் கேள்வி: ஆறரை மணிக்கு அங்கே என்ன தெரியும்? பூட்டிய கம்பிக் கதவா, பொருளா?

திருவண்ணாமலையில் கோயில் விடியுமுன் திறந்துவிடும், உண்மை. ஆனால் அரைக்கால் சட்டையும் வியர்வையுமாக உள்ளே போக முடியாது, போகவும் கூடாது. அறைக்குத் திரும்பி, குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு வரிசையில் நின்றால் அது தனி நிகழ்ச்சி, ஓட்டத்தோடு ஒட்டாது. ஓடும்போது கிடைப்பது வெளியிலிருந்து கோபுர தரிசனம். ராஜகோபுரத்துக்கு அதுவே போதும் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

செஞ்சியிலும் கோட்டைக்கு டிக்கெட் கவுன்டர் உண்டு, அதுவும் ஒன்பது மணிக்குத்தான். ஆனால் அங்கே கதவுக்கு வெளியிலேயே சரக்கு ஏராளம். திருவண்ணாமலைச் சாலையே கோட்டையின் வெளி மதில்களை ஊடுருவிக்கொண்டு போகிறது. வடக்கே கிருஷ்ணகிரி, மறுபுறம் ராஜகிரியும் சந்திரகிரியும், மூன்றையும் கோத்துக்கொண்டு ஓடும் மதில். ஊரிலிருந்து மேற்கே மெதுவாக ஓடினாலே அகழியும் கொத்தளமும் கல்யாண மகாலின் கூம்புக் கூரையும் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690இலிருந்து 1698 வரை முற்றுகையிட்டும், இத்தனை நீளத்தை இடைவெளியின்றி வளைத்து அடைக்க ஆள் போதாமல் திண்டாடினார். கோட்டைக்குள் இருந்த மராட்டிய மன்னர் ராஜாராம் கடைசியில் தப்பியும் போனார். கிருஷ்ணகிரிப் பக்கம் மூச்சு வாங்கும்போது அந்தப் படையை நினைத்துக்கொள்வேன்.

சாலையில் வண்டிகள் ஓடத் தொடங்கும் முன் இந்தப் பகுதியை முடித்துவிட்டு வடக்கே திரும்ப வேண்டும். எனக்குப் பிடித்த பாதை அதுதான்: திருநாதர்குன்று, அதைத் தாண்டிச் சிங்கவரம். கிராமத்துச் சிறு சாலை, இருபுறமும் நெல்லும் மணிலாவும், பாறைக்குவியல்கள், அவற்றின் இடுக்கில் முள்காடு. ஆவாரை, சூரை, சப்பாத்திக்கள்ளி. அடர்ந்த வனம் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. மயில் அகவுவதைக் கேட்டு நிறைவடைய வேண்டிய காடு.

திருநாதர்குன்றில் கதவு இல்லை, கவுன்டர் இல்லை. ஒரே பாறையில் வரிசைக்குப் பன்னிரண்டாக சமணர்களின் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் சிற்பங்களாக அமர்ந்திருக்கிறார்கள். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை, அதாவது நினைவிடம், பற்றிய வட்டெழுத்துக் கல்வெட்டும் அந்தக் குன்றில்தான் இருக்கிறது. தண்ணீர்ப் புட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு, அரைமணிக்கொரு முறை இனிப்பு மிட்டாய் மெல்லும் நம் கூட்டம் அங்கே சற்று அடக்கமாக நிற்பது நல்லது.

சிங்கவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். ஏற்றப் பயிற்சிக்கு இதைவிட என்ன வேண்டும்? மேலே பல்லவர் காலக் குடைவரையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். திருவரங்கத்துப் பெருமாளைவிட அளவில் பெரியவர் என்பார்கள். செஞ்சியை ஆண்ட தேசிங்கு 1714இல் போருக்குப் புறப்படுமுன் வந்து விடை கேட்டபோது பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகக் கதை. கோயில் திறக்கும் வேளை அர்ச்சகர் வரவைப் பொறுத்தது. திறந்திருக்காவிட்டாலும் படியேறியது வீணாகாது. மேலிருந்து செஞ்சி மலைகள் மூன்றும் தெரியும். கால் இன்னும் கேட்டால் மேலச்சேரிப் பக்கம் நீட்டிக்கொள்ளலாம், அங்கேயும் ஒரு பல்லவர் குடைவரை உண்டு. எல்லாம் முடித்துச் செஞ்சிக்குத் திரும்பி இட்லி சாப்பிட்டு எழுந்தால் மணி ஒன்பது. சட்டையை மாற்றிக்கொண்டு, இப்போது டிக்கெட் வாங்கிக் கோட்டைக்குள் நடந்து போகலாம். ஒன்பது மணி என்ற அதே தடை இங்கே ஓட்டத்துக்கும் உலாவுக்கும் நடுவே சரியான இடைவேளையாகிவிடுகிறது.

கோட்டைக்குள் ஓடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரம், படிகள் வழுவழுப்பானவை, குரங்குகள் கையில் இருப்பதைப் பறிக்கும். நடந்தே ஏறுங்கள். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுதியில் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக, தமிழ்நாட்டிலிருந்து ஒரே கோட்டையாக, செஞ்சி யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. இனி கூட்டமும் கூடத்தான் செய்யும். புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு கூடுதல் உறவும் இருக்கிறது: நம் கடற்கரைக் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை. தினமும் ஓடும் சாலையில் நிற்பவற்றின் பிறந்த வீட்டையும் பார்த்துவிடலாம்.

செஞ்சியில் எனக்குப் பழக்கம் ஐப்பசி கழிந்ததிலிருந்து மாசி வரைதான். செஞ்சிக்கு அருகே உள்ள பக்கமலை என்ற மலையின் காட்டுப் பாதையில் நான் ஓடியதில்லை. காப்புக்காடு என்பதால் வனத்துறை அனுமதியின்றி நுழையவும் கூடாது. அறுவடைக் காலத்தில் கிராமச் சாலையில் நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் கால் வைக்காமல் ஓரமாக இறங்கித்தான் போகவேண்டும், கணக்கிட்ட வேகம் அங்கே கெடும். தனியாக ஓடும் என் தோழிகள் இருவரும் திருவண்ணாமலைக்கே ஓட்டுப் போடுகிறார்கள். விளக்கும் கடையும் ஆள் நடமாட்டமும் இருக்கிற பாதை அது. சிங்கவரம் சாலை இருட்டில் வெறிச்சென்று கிடக்கும் என்கிறார்கள். அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை.

கோடையிலும் அவர்கள் பக்கம்தான் நியாயம். செஞ்சிப் பாறைகள் பகல் முழுக்கக் குடித்த வெப்பத்தை இரவெல்லாம் கக்கிக்கொண்டிருக்கும். சித்திரையில் விடியற்காலை ஐந்து மணிக்கே அந்த அனல் முகத்தில் தெரிகிறது. பங்குனி பாதி கடந்ததும் நானும் இன்னொரு 37 கிலோமீட்டர் வண்டியோட்டிக் கிரிவலப் பாதைக்கே போகிறேன். பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் விட்டு, இடதுபக்கமாக.