கூலன்ட்டில் எஞ்சின் ஆயில்: ஆயில் கூலர் மாற்றிய பின் ஓராண்டு அனுபவம்

டீசல் லாரியின் ரேடியேட்டர் மூடியைத் திறந்ததும், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டில் ஆயில் கலந்து பழுப்பு நிறத்தில் கொழகொழப்பான படலம் மிதந்தால், பட்டறைகளில் முதலில் எழும் பேச்சு "ஹெட்டை (சிலிண்டர்களை மூடும் மேல் பகுதியை) இறக்கிவிடலாம்" என்பதுதான். நாமக்கல்லில் எங்கள் பத்துச் சக்கர லாரிக்கும் அதே ஆலோசனைதான் கிடைத்தது. அதற்கு முன், எஞ்சின் ஆயிலைக் கூலன்ட்டால் குளிர்விக்கும் ஆயில் கூலரைச் சோதித்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதால் ஹெட்டில் கை வைக்காமலே பழுது தீர்ந்தது. அதன் பின் ஓராண்டுக்கும் மேலாக வண்டி முழுப் பாரத்தோடு ஓடியிருப்பதால், செய்தவற்றில் எது நிலைத்தது என்பதை இப்போது உறுதியாக எழுத முடிகிறது.

சேலத்திலிருந்து தருமபுரி செல்லும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் வெப்பமானி முள் வழக்கமான இடத்தைத் தாண்டத் தொடங்கியதுதான் முதல் அறிகுறி. ஆயில் அளவும் குறைந்துவந்தது. ஆனால் வண்டிக்கு அடியில் ஒழுகல் இல்லை, சைலன்ஸரில் நீலப் புகையும் இல்லை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் வழக்கமான கறுப்பு நிறத்திலேயே இருந்தது.

இந்த அறிகுறிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் பொதுவாக 3 முதல் 5 பார் (அழுத்த அலகு) வரை இருக்கும். கூலன்ட்டின் அழுத்தமோ மூடியின் அளவைப் பொறுத்து ஏறக்குறைய 1 பார்தான். ஆகவே ஆயில் கூலரின் தகட்டில் விரிசல் விழுந்தால், ஓட்டத்தின்போது ஆயில்தான் நீர்ப் பக்கம் தள்ளப்படும். எஞ்சின் நின்றதும் ஆயில் அழுத்தம் இறங்கிவிட, சூட்டில் இருக்கும் கூலன்ட் எதிர்த் திசையில் கசியக்கூடும். எனவே டிப்ஸ்டிக்கை மட்டும் நம்பாமல், இரவு முழுக்க நின்ற வண்டியின் சம்ப் (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) நட்டைக் காலையில் மெல்லத் தளர்த்திப் பார்த்தோம்; தண்ணீர் இருந்தால் அது அடியில் தங்கி முதலில் வெளிவரும். எங்களுக்கு ஆயில் மட்டுமே வந்தது.

ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் எரிந்து சிலிண்டரின் வாயு நீர்ப் பாதைக்குள் புகுந்திருந்தால், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த சற்று நேரத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் இறுகும், கூலன்ட் டேங்கில் குமிழிகள் விடாமல் எழும். இரண்டும் இல்லை. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள உறையான ஸ்லீவ் கசிந்தால் கூலன்ட்டில் டீசல் வாடை வீசும்; அதுவும் இல்லை. ஆனால் ஆயில் பாதைக்கும் நீர்ப் பாதைக்கும் நடுவில் மட்டும் கேஸ்கட் விட்டுப்போனாலும் வாயு வராமல் ஆயில் கலக்கும் என்பதால், கூலரைக் கழற்றாமல் முடிவுக்கு வர இயலாது. கூலரின் ஆயில் பக்கத் துளைகளைத் தகடு வைத்து அடைத்து, காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் அமிழ்த்தினார் மெக்கானிக். குளிர்ந்த நீரில் எதுவும் தெரியவில்லை. கொதிக்கும் நிலைக்கு அருகில் இருந்த வெந்நீரில் அமிழ்த்தியபோது, தகடுகள் இணையும் ஓரத்தில் ஊசிமுனை அளவுக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. வெந்நீர்ச் சோதனையைத் தவிர்த்திருந்தால் நல்ல கூலர் என்றே திரும்பப் பொருத்தியிருப்பார்கள். நீர்ப் பக்கத் தகடுகளில் உப்புப் படிவும் அரிப்பும் இருந்ததைப் பார்க்கும்போது, வழியில் ஊற்றப்படும் போர் தண்ணீரின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

கூலர் மாற்றுவது எளிய பாதி. சுத்தம் செய்வதில்தான் பொறுமை வேண்டும். சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் மூடியிருந்தால் ரேடியேட்டருக்குள் நீர் சுழலாது. ஆகவே அதைக் கழற்றிவிட்டு, பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான, நுரை குறைந்த பவுடரை வெந்நீரில் கரைத்து ஊற்றி, எஞ்சினைச் சூடேறும்வரை ஓட்டி, வடித்து, மீண்டும் நல்ல தண்ணீரால் அலசினோம். வடித்த நீர் தெளியும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றினால் சீக்கிரம் கரையும் என்று சொல்வோர் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கூலன்ட் ஹோஸ்களில் பயன்படும் ஈபிடிஎம் என்ற வகை ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதி மெத்தென்றாகிவிடும். எங்கள் கீழ் ஹோஸை விரலால் அழுத்தியபோது பஞ்சுபோல் உள்ளே போனது. எல்லா ஹோஸ்களையும் ரேடியேட்டர் மூடியையும் மாற்றி, தெர்மோஸ்டாட்டைப் புதிய ரப்பர் வளையத்துடன் பொருத்தி, காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் சரிபாதியாக நிரப்பினோம்.

சில வாரங்களில் டேங்கில் மெல்லிய எண்ணெய்ப் படலம் மீண்டும் தோன்றியபோது மனம் கலங்கியது. ஆனால் டிப்ஸ்டிக்கில் அளவு இறங்கவில்லை. பிளாக்கின் இடுக்குகளில் தங்கியிருந்த பழைய ஆயில்தான் சூட்டில் பிரிந்து வந்தது. மற்றொரு முறை அலசிய பின் அது வரவே இல்லை. தொப்பூர் ஏற்றத்தில் முள்ளும் பழைய இடத்திலேயே நிற்கிறது. பின்னர் வந்த ஒரே தொல்லை வாட்டர் பம்ப்: அதன் கசிவுத் துளையில் கூலன்ட் சொட்டத் தொடங்கியதால் பம்ப்பை மாற்றினோம். ஆயில் கலந்த நீரில் அதன் சீலும் ஊறியிருக்கும் என்பதால், இதே வேலையைச் செய்ய இருப்பவர்கள் ஹோஸ்களோடு பம்ப் சீலையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது.