வீட்டிலிருந்து பார்க்கும் வேலைக்குப் பிரிண்டர் வாங்கப் போகிறீர்களா? 13,800 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

இதை எழுதும்போது இரவு மணி பத்து. நாளை 20ஆம் தேதி, ஜிஎஸ்டி 3பி என்கிற மாத வரிக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். எனக்கு எதிரே, கூடத்து ஊஞ்சலுக்குப் பக்கத்தில், 13,800 ரூபாய் கொடுத்து வாங்கிய லேசர் பிரிண்டர் ஒன்று பச்சை விளக்கை எரியவிட்டபடி உட்கார்ந்திருக்கிறது. வாங்கி 13 நாள் ஆகிறது. என் வேலைக்கு உருப்படியாக ஒரு பக்கம்கூட அது அச்சடித்துத் தரவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆறிவிட்டால் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுகிற சுபாவம் எனக்கு.

எங்களுடையது நாச்சியார்கோவிலுக்குப் பக்கத்துக் கிராமம். வீட்டிலிருந்தே கணக்கு எழுதித் தருகிறேன். குத்துவிளக்குப் பட்டறைகள், பாத்திரக் கடைகள், ஓர் உரக்கடை, திருபுவனத்தில் இரண்டு பட்டுச் சேலைக் கடைகள் என்று மொத்தம் பத்தொன்பது பேர். அவர்களில் பாதிப் பேருக்கு எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். தாக்கல் முடிந்ததும் நகல் எடுத்துக் கோப்பில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஐப்பசி பிறந்தால் சம்பா காப்பீட்டுக்காகச் சிட்டா நகல் கேட்டு அக்கம்பக்கத்தாரும் வருவார்கள். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.

பழைய கம்ப்யூட்டரில் இருந்தது விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14உடன் அதற்கான ஆதரவு நின்றுபோனது. பத்தொன்பது பேருடைய கணக்கை அதில் வைத்திருப்பது சரியில்லை என்று தம்பி சொல்லிக்கொண்டே இருந்தான். தீபாவளிக்கு வந்தவன், "இந்த வருடச் சீர் இதுதான் அக்கா" என்று தான் வைத்திருந்த ஆப்பிள் மடிக்கணினியையே கொடுத்துவிட்டுப் போனான். ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 உள்ளது. மெல்லிசாக, சத்தமே இல்லாமல் ஓடுகிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என்னிடமிருந்த மை பிரிண்டர்தான் ஆடி மாதமே முனை காய்ந்து அடைத்துப்போயிருந்தது. நாள்கணக்கில் ஓட்டாமல் வைத்தால் மை பிரிண்டர்களுக்கு வருகிற வியாதி அது. லேசரில் இருப்பது பொடி, காய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே லேசர் வாங்குவது என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் தவறில்லை என்று இப்போதும் சொல்வேன்.

நவம்பர் 6, வியாழக்கிழமை. நல்ல மழை. பஸ் பிடித்துக் கும்பகோணம் போனேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கம்ப்யூட்டரும் அதன் உதிரிப்பாகங்களும் விற்கிற, மாடிப்படிக்குக் கீழே கல்லா வைத்திருக்கிற கடை, அவ்வளவுதான். ஈரக் குடையை என் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்து, "உட்காருங்கள் அக்கா" என்று நாற்காலி போட்டார் உரிமையாளர். காபி வந்தது. எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும், "அட, என் அம்மா பிறந்த வீடு அங்கேதான்" என்றார். இன்றைக்கு நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. நான் பெரம்பலூர் என்று சொல்லியிருந்தால் அவர் அம்மா பெரம்பலூரில் பிறந்திருப்பார்.

நான் ஒன்றும் தெரியாமல் போய் நிற்கவில்லை. மடிக்கணினி ஆப்பிள், எம்1 சிப் என்று தம்பி எழுதிக்கொடுத்த சீட்டை அவரிடமே நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். "எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஓடும் அக்கா. யூஎஸ்பி கேபிள் போட்டால் தானாகப் பிடித்துக்கொள்ளும். உங்களுக்குத் தவறான சாமானைத் தருவேனா?" என்றார். தன் கம்ப்யூட்டரில் இணைத்து ஒரு பக்கம் எடுத்துக் காட்டினார். தமிழ் எழுத்து அச்சுக் கோத்ததுபோல் அவ்வளவு சுத்தமாக வந்தது. காகிதம் சூடாக இருந்தது. அந்தச் சூட்டில்தான் நான் விழுந்தேன். அவருடைய கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் என்பது கண் முன்னாலேயே தெரிந்தது, ஆனால் மனதில் உறைக்கவில்லை.

14,000 என்றவர், அம்மா ஊர் என்பதற்காக 200 ரூபாய் குறைத்தார். 13,800 ரூபாயை யூபிஐயில் அனுப்பினேன். என் மடிக்கணினியில் சின்ன டைப்-சி துளைகள்தான் உண்டு என்பதால் இணைப்பான் ஒன்றுக்குத் தனியாக 650 ரூபாய். பில் கேட்டதற்கு, "பில் போடுகிற பையன் மழையால் வரவில்லை, நாளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன்" என்று மதிப்பீட்டுச் சீட்டு ஒன்றில் பேனாவால் எழுதிக் கொடுத்தார். ஊரார் பில்லையெல்லாம் வரி வரியாகச் சரிபார்த்துக் கொடுக்கிறவள் நான். "பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்" என்று மாதம் பத்து முறையாவது சொல்கிறவள். அந்தச் சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பெட்டியைத் தார்ப்பாயில் சுற்றி, மடியில் சுமந்தபடி பஸ்ஸில் வந்தேன். பெட்டிக்கும் சேர்த்து டிக்கெட் போட்டார் நடத்துநர்.

வீட்டில் இணைத்தேன். மடிக்கணினி அசையவில்லை. அதன் பட்டியலில் பிரிண்டர் வரவே இல்லை. கடைக்குப் போன் செய்தால், "டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள் அக்கா." பிரிண்டரோடு பேசக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய மென்பொருள் அது. தயாரிப்பு நிறுவனத்தின் தளத்துக்குப் போய் மாடல் எண்ணைப் போட்டேன். பட்டியலில் விண்டோஸ் விண்டோஸாக வந்தது. என்னுடைய ஆப்பிள் இயங்குதளமான மேக்ஓஎஸ் அதில் இல்லை. மறுபடியும் போன். "பையனை அனுப்புகிறேன்." வெள்ளி வரவில்லை, சனி வரவில்லை, ஞாயிறு கடை விடுமுறை. திங்கள்கிழமை, விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1க்குக் கடைசி நாளுக்கு முந்தின நாள், பையன் வந்தான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன், இருபது வயதுகூட இருக்காது. ஏதோ ஒரு பொது டிரைவரைத் தேர்ந்தெடுத்தான். பிரிண்டர் உறுமியது. எனக்கு உயிர் வந்தது. முதல் காகிதத்தின் தலையில் ஒரே ஒரு வரி, அதுவும் எந்த மொழியிலும் சேராத எழுத்துகள். அடுத்த காகிதத்திலும் அப்படியே. நிறுத்தத் தெரியாமல் அவன் விழித்துக்கொண்டிருக்க, முப்பது நாற்பது தாள் வீணான பிறகு நானே சுவிட்சை அணைத்தேன். "இது வருகைக் கட்டணத்தில் வரும் அக்கா" என்று 500 ரூபாய் கேட்டான். கொடுத்தேன். ஆக, 13,800, 650, 500. மொத்தம் 14,950 ரூபாய்.

அன்றிரவு தம்பி போனில் விளக்கினான். சில பிரிண்டர்களுக்குச் சொந்தமாக மூளை உண்டாம். பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற பக்க மொழி ஒன்றில் கம்ப்யூட்டர் சொல்வதைப் புரிந்துகொண்டு, பக்கத்தைத் தானே வரைந்துகொள்ளும். என் தலையில் கட்டப்பட்ட வகைக்கு அது கிடையாது. பக்கம் முழுவதையும் கம்ப்யூட்டரே புள்ளி புள்ளியாக வரைந்து, அந்த நிறுவனத்துக்கு மட்டுமே தெரிந்த ஒரு வடிவத்தில் அனுப்ப வேண்டும். அப்படி வரைந்து அனுப்புகிற டிரைவரை விண்டோஸுக்கு மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிட்டார்கள். விலை குறைவதற்கும் இதுதான் ஒரு காரணம். மின்சாரக் கேபிள், யூஎஸ்பி கேபிள் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன, பிரிண்டருக்கும் மடிக்கணினிக்கும் பொது மொழிதான் இல்லை. டிரைவரே தேவைப்படாத ஏர்பிரிண்ட் என்ற முறையை ஆப்பிள் 2010லேயே கொண்டுவந்துவிட்டது. அது உள்ள பிரிண்டராக இருந்திருந்தால் நான் இணைத்த உடனேயே வேலை முடிந்திருக்கும்.

இதற்குப் பிறகுதான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பக்கவாட்டில் கடையின் வட்ட ஸ்டிக்கர் ஒன்று. நகத்தால் சுரண்டினேன். அடியில் பொடி எழுத்தில் எந்தெந்த இயங்குதளங்களில் ஓடும் என்ற பட்டியல். விண்டோஸ் மட்டும். ஸ்டிக்கர் தற்செயலாக அங்கே விழுந்தது என்று நம்ப விரும்புகிறவர்கள் நம்பலாம்.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் கும்பகோணம். ஜிஎஸ்டிஆர்-1 வேலையை விடியற்காலையிலேயே முடித்துவிட்டு ஓடினேன். இந்த முறை நாற்காலி இல்லை. "பெட்டியைப் பிரித்தாகிவிட்டது, திருப்பி எடுக்க வழியில்லை" என்றார். பிரிக்காமல் எப்படி ஓட்டிப் பார்ப்பது? "உங்கள் கம்ப்யூட்டரில்தான் கோளாறு." நான் சீட்டைக் காட்டித்தானே கேட்டேன்? "எந்தச் சீட்டு?" பிறகு, "அதில் விண்டோஸ் போட்டுத் தருகிறேன், 2,500 ஆகும்" என்றார். ஆப்பிள் தன் சொந்தச் சிப்புக்கு மாறிய பிறகு, பழைய மாதிரிகளில் செய்ததுபோல் விண்டோஸை நேராகப் போட முடியாது. தனி மென்பொருள் வாங்கி அதற்குள் ஓட்டினாலும், அது ஏஆர்எம் சிப்புக்கான விண்டோஸ் (ஆப்பிளின் சிப் அந்த வகை), அதற்கு வேறு டிரைவர் வேண்டும். தம்பி சொன்ன இதை அப்படியே அவரிடம் சொன்னேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "வீட்டில் சார் இருந்தால் பேசச் சொல்லுங்கள் அக்கா. உங்களுக்குச் சொன்னால் புரியாது."

என் வீட்டுச் சார் அப்போது வயலில் வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கைப்பேசியில் அலாரம் வைத்துக் கொடுப்பதே நான்தான்.

நிறுவனத்தின் கட்டணமில்லா எண்ணிலும் பேசினேன். எந்திரத்தில் பழுதில்லை, சொன்ன இயங்குதளத்தில் ஓடும் என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். பில் இருந்தால் அனுப்புங்கள் என்றார்கள். பில் எங்கே இருக்கிறது? ஒன்பது முறை கடைக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடுகள் விழுகின்றன, பதில் இல்லை. நேற்று கடைசியாகப் போனை எடுத்தவர், "பழைய சாமானாக எடுத்துக்கொள்கிறேன், 6,000 தருகிறேன்" என்றார். ஒரு பக்கம் உருப்படியாக அடிக்காத பிரிண்டர் எப்போது பழையதாயிற்று என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

வாங்கும் முறையைப் பற்றி விரிவாக எழுதலாம் என்றுதான் நினைத்தேன். நாளைக்கு ஏழு பேருடைய தாக்கல் பாக்கி இருக்கிறது, ஆகவே சுருக்கமாக. உங்கள் மடிக்கணினியைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், அதிலிருந்து ஒரு பக்கம் எடுத்த பிறகு பணம் கொடுங்கள். கடைக்காரருடைய கம்ப்யூட்டரில் வருகிற பக்கம் அவருக்குத்தான் உதவும். மாடல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தட்டி, உங்கள் இயங்குதளத்தின் பெயர், பதிப்பு எண்ணோடு, பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பிள் என்றால் ஏர்பிரிண்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். வைஃபை பிரிண்டர் என்றால், அவற்றில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பிடிக்கும், வீட்டு ரூட்டரில் அந்த அலைவரிசை இருக்கிறதா என்று பாருங்கள். லேசர்களில் பலவற்றோடு வருவது பாதி நிரப்பிய தொடக்க டோனர், அதாவது பொடிக் குப்பி. இரண்டாவது டோனரின் விலையை முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒரு டோனர் இத்தனை பக்கம் வரும் என்று பெட்டியில் போட்டிருக்கும் கணக்கும் தாளில் ஐந்து சதவீதம் மட்டும் மை படுகிற பக்கத்துக்கானது. கட்டம் கட்டமாக அடிக்கும் நம் கணக்குத் தாள்களுக்கு அது வராது. பில்லைக் கையில் வாங்காமல் கடைப் படியை விட்டு இறங்காதீர்கள். மழை பெய்தாலும்.

நான் இன்று மாலை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். யூபிஐ ரசீது, பேனாவால் எழுதிய அந்தச் சீட்டு, ஸ்டிக்கரைச் சுரண்டிய பெட்டியின் படம் மூன்றையும் வைத்திருக்கிறேன். இதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. என்னுடையது 14,950 ரூபாய்தான்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி ஒலித்தது. அந்தக் கடையிலிருந்துதான், வாட்ஸ்அப்பில். பில்லாக இருக்கும் என்று அவசரமாகத் திறந்தேன். அகல் விளக்குப் படம் போட்டு, கார்த்திகை தீபச் சலுகை, எல்லாப் பிரிண்டர்களுக்கும் 500 ரூபாய் தள்ளுபடி என்று அனுப்பியிருக்கிறார்கள்.