விழித்திரை அடைப்புக்குக் கண்ணுக்குள் போடும் ஊசிகள்: எதற்கு எது?

இந்த ஊசிகளில் எதுவும் அடைப்பை எடுக்காது. அதைப் புரிந்துகொண்டு போனால் பாதி ஏமாற்றம் குறையும். விழித்திரையில் தமனியும் சிரையும் குறுக்கிடும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே உறைதான். பிபியாலும் வயதாலும் தடித்துப்போன தமனி சிரையை நசுக்க, உள்ளே ரத்தம் உறைகிறது. வெளியேற வழியில்லாத ரத்தமும் நீரும் கசிந்து, நடுப்பார்வைக்கான மாக்குலாவில் கோத்துக்கொள்கின்றன. போதாக்குறைக்கு, ஆக்சிஜன் கிடைக்காத விழித்திரை விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து கசிவை இன்னும் கூட்டுகிறது. ஊசி மருந்து அந்தப் புரதத்தைத்தான் மடக்குகிறது. மருந்தின் வேலை முடிந்ததும் நீர் திரும்பி வரலாம். அதனால்தான் முதல் ஊசியில் பார்வை தெளிந்துவிட்டது என்று நிறுத்துபவர்கள் இரண்டே மாதத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறார்கள்.

அடைபட்டது தமனி என்றால் கதையே வேறு. வலியே இல்லாமல் ஒரு கண் பார்வை திடீரென்று போனால் அது பக்கவாதத்துக்குச் சமம். கண் கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்காராமல், பக்கவாத சிகிச்சை இருக்கும் மருத்துவமனைக்கு அந்த நிமிடமே ஓட வேண்டும்.

சிரை அடைப்புக்கு வருவோம். முதலில் விஇஜிஎஃபை மடக்கும் மருந்துகள். ரானிபிசுமாப் 0.5 மில்லிகிராம், அஃப்லிபெர்செப்ட் 2 மில்லிகிராம், பெவாசிசுமாப் 1.25 மில்லிகிராம்: மூன்றிலும் உள்ளே போவது 0.05 மில்லிதான். பெவாசிசுமாப் புற்றுநோய்க்காக வந்த மருந்து, விலை மிகக் குறைவு. விழித்திரையின் முதன்மைச் சிரையே அடைபடும் மைய சிரை அடைப்பில் 2017இல் வெளியான ஸ்கோர் 2 ஆய்வு, ஆறு மாதப் பார்வை முன்னேற்றத்தில் அது அஃப்லிபெர்செப்டுக்குப் பின்தங்கவில்லை என்று காட்டியது. பெரிய குப்பியிலிருந்து சிறு சிரிஞ்சுகளுக்குப் பிரிப்பதில்தான் அதன் பலவீனம். பிரிக்கும் இடத்தில் சுத்தம் தவறினால் ஒரே தொகுதியில் பலருக்குத் தொற்று வரும். எங்கே, எப்படிப் பிரிக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். பிரிப்பு நம்பகமாக இருந்தால், செலவுக்கு அஞ்சி நடுவில் நிறுத்துவதைவிட இதைத் தொடர்ந்து போட்டுக்கொள்வதே மேல்.

டெக்ஸாமெத்தசோன் 0.7 மில்லிகிராம் ஒரு சின்னக் குச்சி. உள்ளே தானாகக் கரைந்து மூன்று நான்கு மாதம் வேலை செய்யும். மாதாமாதம் வர முடியாதவர்களுக்கு வசதிதான், ஆனால் ஸ்டீராய்டு. கண் அழுத்தம் ஏறும், இரண்டாம் மாத வாக்கில் உச்சத்துக்குப் போகும். திரும்பத் திரும்பப் போட்டால் கண்புரையும் சீக்கிரம் வரும். கண் நரம்பைக் கெடுக்கும் கிளாகோமா முற்றியவருக்கு இது வேண்டாம். கண்புரை ஆபரேஷனில் லென்ஸின் பின்னுறை கிழிந்திருந்தாலும் வேண்டாம். குச்சி கருவிழிக்குப் பின்னாலுள்ள முன்னறைக்கு நழுவி வந்து கருவிழியைக் கெடுத்துவிடும். பழைய ஆபரேஷன் சீட்டை மறக்காமல் எடுத்துப் போக வேண்டியது இதற்காகத்தான்.

ஊசி போடுவது சில நொடி வேலை. மரத்துப்போகச் சொட்டு மருந்து, பிறகு 5 சதவீத போவிடோன் அயோடின், இமையை விரிக்கும் கம்பி, கருவிழி ஓரத்திலிருந்து 3.5 முதல் 4 மில்லிமீட்டர் தள்ளி வெள்ளை விழியில் குத்து. அன்றிரவு மண் விழுந்ததுபோல் உறுத்துவது பெரும்பாலும் அயோடினால்தான். பார்வையின் கீழ்ப்பக்கம் உருண்டையாக ஆடும் கருப்புக் குமிழ், கூடவே போன காற்று. ஓரிரு நாளில் மறையும். ஊசி பட்ட இடத்தில் திட்டாக ரத்தச் சிவப்பு, வலி இல்லை என்றால் பயமில்லை. மறுநாளோ அடுத்த சில நாட்களிலோ வலி கூடிக்கொண்டே போய், பார்வையும் மங்கினால் அது தொற்றாக இருக்கலாம். அரிதுதான், ஆனாலும் அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும்.

பொதுவாக, நீர் வற்றும்வரை மாதம் ஒரு ஊசி, பிறகு இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவார்கள். விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் மாக்குலாவின் தடிமனை முந்தைய படத்தோடு ஒப்பிடாமல் அடுத்த ஊசிக்குத் தேதி குறிக்கும் கிளினிக்கில் சேவை அரைகுறை என்றே சொல்வோம். மைய சிரை அடைப்பில் இன்னொன்றும் உண்டு. ரத்த ஓட்டம் மிகவும் குன்றிய கண்ணில், முதல் சில மாதங்களில் கருவிழிக்குப் பின்னுள்ள ஐரிஸில் புதுக்குழாய்கள் முளைத்து அழுத்தத்தை எகிறவைக்கும். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு விடும் முன்பே ஐரிஸைப் பார்க்க வேண்டும்; விட்ட பிறகு அந்த மெல்லிய குழாய்கள் கண்ணில் படாமலே போய்விடும்.